சாயமும் குருதியும்: சப்பிரகமுவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

1886ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்குவது எமது பொருளை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். அவ்வாண்டில் பிரெடெரிக் எங்கெல்ஸ், லுட்விக் ஃபொயர்பாக்கின் மெய்யியல் பற்றிய தமது ஆய்வினை ஜெர்மானிய சோசலிச ஏடொன்றில் வெளியிட்டார். பொருள்களின் உண்மை இயல்பை மனிதர் ஒருபோதும் அறியவியலாது என்னும் வாதத்தை மறுக்குமிடத்து அவர் எடுத்தாண்ட சான்றுகளுள் ஒன்று ஒரு சாயமாகும். செடியின் வேரிலிருந்து பெறப்பட்டுவந்த அலிசரின் என்னும் செஞ்சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கும் ஆற்றலை இரசாயனவியல் பெற்றுவிட்டது. நாமே ஆக்கவல்ல ஒரு பொருள் எமக்கு அறியவொண்ணாத பொருளாக இருத்தல் இயலாது என்பது அவரது வாதம். அதே ஆண்டில் இலங்கையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் சிங்கோனாப் பட்டை ஏற்றுமதியாயிற்று. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா அப்பட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதனை உரித்தவை தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகள்.

மெய்யியல் வாதம் ஒன்றும் ஏற்றுமதிக் கணக்கு ஒன்றும் தம்முள் தொடர்பற்றனவாகத் தோன்றலாம். ஆனால் சாயத்தின் வரலாறும் கொயினாவின் வரலாறும் ஒரே வயிற்றிற் பிறந்தவை. அவை இரண்டும் பின்னர் ஓரிடத்திற் சந்தித்தன. அவ்விடம், நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்ணாடித் தட்டிற் பரப்பப்பட்ட ஒரு துளி குருதியாகும். சாயங்களினால், இன்று சிறப்பாகப் புளோரொளிர்வுச் சாயங்களினால், குருதிக் கலங்களை இனம்பிரித்தறியும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அம்முறை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட மக்களுக்கு யாது பொருளுடையதாயிற்று என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையகம் என்றதும் நுவரெலியாவும் அற்றனும் நினைவுக்கு வருவது வழக்கம். எட்டியாந்தோட்டை, தெகியோவிற்ற, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் ஆய்வாளர் கவனத்தை அவ்வளவாகப் பெற்றிலர். அக்குறையும் எம்மை இப்பொருளின்பால் ஈர்த்தது.

2

நவீன சாயத் தொழில் கொயினாவைத் தேடிய முயற்சியின் தோல்வியிலிருந்து தோன்றியது. பேரரசுகள் வெப்பமண்டல நாடுகளிற் படைகளையும் தொழிலாளரையும் நிலைநிறுத்துவதற்கு மலேரியா பெருந்தடையாயிருந்தது. ஆதலின் கொயினாவைச் செயற்கையாக ஆக்குதல் இரசாயனவியலாளர்முன் வைக்கப்பட்ட பணியாயிற்று. 1856இல், இலண்டனிற் பதினெட்டு வயது மாணவராயிருந்த வில்லியம் பேர்க்கின் அப்பணியில் ஈடுபட்டார். அவருக்குக் கிடைத்தது மருந்தன்று. பட்டுக்கு ஊதா நிறமேற்றும் மோவ் என்னும் சாயமே. அதனை அடுத்து நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் பல வந்தன. துணி ஆலைகளின் சந்தைக்காகவே அவை ஆக்கப்பட்டன, குருதியை ஆராய்வதற்காகவன்று.

கொயினாவுக்கு மற்றுமொரு இயல்புண்டு. கொயினாக் கரைசலின் மேற்பரப்பில் நீலநிற ஒளியொன்று தோன்றுவதை ஜோன் ஹேர்ஷல் 1845இல் விவரித்தார். கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சி, அதனிலும் நீண்ட அலையுடைய, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கொயினா வெளிவிடுகின்றது என்பதை ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் 1852இல் விளக்கினார். புளோரைட்டு என்னும் கனிப்பொருளின் பெயரைத் தழுவி அந்நிகழ்வுக்கு அவர் இட்ட பெயரே புளோரொளிர்வு என இன்று தமிழில் வழங்குகின்றது. ஆகவே புளோரொளிர்வு ஆய்வின் தொடக்கத்திலும் கொயினாவே நிற்கின்றது. 1871இல் அடொல்வ் வொன் பையர் புளோரெசீன் என்னும் ஒளிர்சாயத்தை ஆக்கினார். சில ஆண்டுகளுள் அதனோடு புரோமினைச் சேர்த்து ஈயோசின் என்னும் செஞ்சாயம் பெறப்பட்டது. கிரேக்க வைகறைத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய இச்சாயமும் புளோரொளிர்வுடையதே. 1876இல் மெதிலீன் நீலம் வந்தது.

சாயத் தொழிற்சாலைகளின் இவ்விளைபொருள்களைக் குருதியின்பாற் திருப்பியவர் போல் ஏர்லிக். அவர் 1879இல் உலர்ந்த குருதிப் படலங்களுக்குச் சாயமேற்றி, வெண்குழியங்கள் யாவும் ஒரே வகையின அல்ல என நிறுவினார். சில கலங்களின் மணிகள் அமிலச் சாயங்களை விரும்பி ஏற்றன. சில காரச் சாயங்களை ஏற்றன. வேறு சில இரண்டின் கலவையை ஏற்றன. ஈயோசினைப் பெரிதும் ஏற்ற வகைக்கு ஈயோசினோபில், அதாவது ஈயோசின் நாடும் கலம், எனப் பெயரிட்டார். துணிக்கு நிறமூட்ட ஆக்கப்பட்ட ஒளிர்சாயம் ஒன்றின் பெயர் இவ்வாறு மனித உடலின் கலம் ஒன்றுக்கு நிலையான பெயராயிற்று.

1891இல் ரஷ்யாவைச் சேர்ந்த திமித்ரி ரொமனோவ்ஸ்கி, முதிர்ந்த மெதிலீன் நீலத்தையும் ஈயோசினையும் கலந்து மலேரியாக் குருதியிற் பயன்படுத்தினார். செங்குழியம் இளஞ்சிவப்பாயிற்று, வெண்குழியத்தின் கரு ஊதாவாயிற்று, மலேரியா ஒட்டுண்ணியின் உடல் நீலமாகவும் அதன் கரு செந்நிறமாகவும் பிரிந்து தோன்றின. லீஷ்மன் 1901இலும், கீம்சா 1904இலும் இதனைச் செம்மைப்படுத்தினர். இன்றும் உலகெங்கும் மலேரியாவைக் கண்டறியப் பயன்படுவது இம்மரபிலே வந்த சாயமே. ரொமனோவ்ஸ்கியின் கட்டுரை வந்த அதே 1891இல் ஏர்லிக்கும் குட்மனும் மெதிலீன் நீலத்தையே மலேரியா நோயாளர் இருவருக்கு மருந்தாகக் கொடுத்தனர். கலத்தைப் பற்றும் சாயம் கிருமியையும் பற்றிக் கொல்லக்கூடும் என்பது அவர்களது கருதுகோள். அவ்வழியில் நடந்த ஆய்வுகளின் பயனாக 1930களின் தொடக்கத்தில் ஜெர்மானியச் சாய நிறுவனம் ஒன்றிலிருந்து அதெப்ரின் என்னும் மஞ்சள்நிற மலேரியா மருந்து வெளிவந்தது. அதுவும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கொயினாவைத் தேடிச் சாயமும், சாயத்தைக் கொண்டு கலமும், கலத்தை அறிந்து மருந்தும் வந்த இவ்வரலாறு எங்கெல்ஸின் வாதத்திற்கு மேலும் வலுவூட்டுகின்றது. அறிவு உற்பத்தியிலிருந்து பிறக்கின்றது. மீண்டும் உற்பத்திக்கே திரும்புகின்றது. ஆயின் யாருடைய உற்பத்திக்கு என்ற வினா எஞ்சியுள்ளது. அவ்வினாவுக்குரிய விடையைத் தோட்டத்திலேயே தேடவேண்டும்.

3

தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் சட்டத்தின் கவனத்திற்கு வந்தது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தோடாகும். கோப்பி உச்சநிலையிலிருந்த காலம் அது. தொழிலாளர் நோயினாற் பெருமளவில் இறந்தமை உழைப்பு வழங்கலைப் பாதித்தது. இந்திய அரசின் கண்டனத்திற்கும் இடமளித்தது. எனவே தோட்ட மருத்துவம் தொடக்கத்திலேயே உழைப்புச் சக்தியைப் பேணும் ஒரு செலவினமாக அமைந்தது.

இதனைத் தெளிவாகக் காட்டுவது கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் இவ்வியக்கத்தைத் தொடக்கியது. புழுவினாற் சோகையுற்ற தொழிலாளி முழு வேலை செய்யமாட்டான்; ஆதலின் சிகிச்சைக்கிடும் செலவு இலாபமாகத் திரும்பும் என்பதே துரைமார்முன் வைக்கப்பட்ட நியாயம். புழுவை வெளியேற்ற மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துப் புழுவின் குடம்பிகள் மீண்டும் மீண்டும் உட்புகும். இதனைத் தடுப்பதற்கு வேண்டியவை மலகூடமும் பாதணியும் நல்ல குடியிருப்பும். மருந்தை வரவேற்ற தோட்ட நிர்வாகங்கள் பல, மலகூடம் அமைக்கும் செலவென்று வந்தபோது தயங்கின.

கொளுக்கிப்புழுவின் செயலைக் குருதிப் படலம் எவ்வாறு காட்டுகின்றது என்பதை நோக்குவோம். நெகேற்றர் என்னும் இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை இழக்கச் செய்யும். நூறு புழுக்களாயின் மூன்று மில்லிலீற்றர். உணவிற் கிடைக்கும் சிறிதளவு இரும்பினால் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. ஈயோசின் செங்குழியத்தில் ஈமோகுளோபினையே பற்றுகின்றது. ஈமோகுளோபின் குறையுமிடத்துச் சாயத்திற்குப் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. செங்குழியம் சிறுத்து, நடுப்பகுதி வெளிறி, வெறும் வளையமாகத் தோன்றும். அதேவேளையில் ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் திரட்டும் ஈயோசினோபில் கலங்கள் பெருகிச் செம்மஞ்சள் மணிகளுடன் படலத்திற் பளிச்சிடும். புழு இருப்பதை உறுதிசெய்வது மலத்தில் அதன் முட்டையைக் காண்பதேயாயினும், அப்புழு மனித உடலில் நடத்தும் சுரண்டலின் கணக்கு இவ்வாறு குருதியில் எழுதப்படுகின்றது. ஒரே சாயம் இல்லாமையையும் மிகையையும் ஒருங்கே காட்டுகின்றது.

இலக்கிய மாணவராகிய எமக்கு இவ்விடத்து ஒன்று தோன்றுகின்றது. மலையக எழுத்தில் இரத்தம் என்பது அடிக்கடி வரும் உருவகம். தேயிலைச் சாயத்திலே தொழிலாளியின் இரத்தத்தைக் காண்பதும், அட்டையைச் சுரண்டலின் குறியீடாகக் கொள்வதும் பழகிப்போன வழக்குகள். மார்க்ஸும் தமது மூலதனம் நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை இரத்தங்குடிக்கும் பேய்க்கு ஒப்பிட்டார். இவற்றை மிகையுணர்ச்சி எனத் தள்ளும் திறனாய்வாளர் உளர். சாயமேற்றிய குருதிப் படலம் அவர்களுக்குத் தகுந்த விடையாகும். தோட்டத்துப் பெண் தனக்கு இரத்தமில்லை என்று கூறுகையில் அது உருவகமன்று, அளக்கத்தக்க உண்மை.

4

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டமிழந்து பாறையிடுக்குகளிலும் மணற்குழிகளிலும் குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு அங்கு அளவிறந்து பெருகிற்று. வழக்கமாக மலேரியா மிகுந்த வறண்ட வலய மக்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருந்தது. கேகாலை போன்ற ஈரவலய மக்களுக்கு அது இல்லை. 1934 இறுதியிற் தொடங்கிய கொள்ளைநோய், ஏழு மாதமளவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. நாட்டின் சனத்தொகை அப்போது ஏறத்தாழ 53 இலட்சம். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கொடிய பாதிப்புக்கு உள்ளாயின.

மழை பொய்த்தமை இயற்கை. மக்கள் அவ்வளவு எளிதில் மடிந்தமை இயற்கையன்று. உலகப் பொருளாதார நெருக்கடியினால் இறப்பர் விலை வீழ்ந்து, தோட்டக் கூலி குறைக்கப்பட்டு, பலர் வேலையிழந்திருந்த காலம் அது. கிராமத்து விவசாயி வறட்சியினால் விளைச்சலையும் இழந்திருந்தான். பசித்த உடலிற் காய்ச்சல் புகுந்தது. இவ்வுண்மையை அன்றே வற்புறுத்தியவர்களுள் முக்கியமானவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. அவரும் சூரியமல் இயக்கத்து இளைஞரும் கேகாலைப் பகுதியில் மருந்தும் உணவும் கொண்டு வீடுவீடாகச் சென்றனர். கொயினா மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்பதை அவர்கள் களத்திற் கண்டனர். அவ்வியக்கத்தினர் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். 1936இல் என். எம். பெரேரா உருவன்வெல்லத் தொகுதியிலும், பிலிப் குணவர்த்தன அவிசாவளைத் தொகுதியிலும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். கொள்ளைநோய்க் காலப் பணி மக்களிடையே அவர்களுக்குப் பெற்றுத்தந்த நம்பிக்கை இவ்வெற்றிக்கு ஒரு காரணமாகும்.

இக்கட்டத்திற் சாயத்தின் பங்கு யாது? நோயுற்ற இலட்சக்கணக்கானோருள் மிகச் சிறு பகுதியினரின் குருதியே சாயமேற்றிப் பார்க்கப்பட்டிருக்க முடியும். ஏனையோரின் நோய், நடுக்கத்தினாலும் வீங்கிய மண்ணீரலினாலுமே அறியப்பட்டது. நுணுக்குக்காட்டியும் சாயமும் இருந்தன. அவை மக்களிடம் சென்றடையும் வழி இருக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டையை ஏற்றுமதி செய்த நாடு இப்போது கொயினாவை வெளியிலிருந்து வரவழைத்தது. மிகை உற்பத்தியால் விலை வீழ்ந்ததும் தோட்ட முதலாளிகள் சிங்கோனாவைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியிருந்தனர். உலகச் சிங்கோனா உற்பத்தி ஜாவாவின் ஒல்லாந்தர் வசமாயிற்று. மருந்து மரத்தை நட்டதும் பிடுங்கியதும் நோயாளியின் தேவை கருதியன்று, சந்தை விலை கருதியே என்பது இதனாற் தெளிவாகும்.

சாயமேற்றப்பட்ட அச்சில படலங்கள் ஓர் உண்மையை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின. கேகாலைச் சிங்கள விவசாயியின் செங்குழியத்துள் இருந்த நீல வளையமும், அயற் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியின் செங்குழியத்துள் இருந்த நீல வளையமும் ஒன்றே. சாயம் கலத்திலிருந்து கலத்தையே பிரிக்கும். மனிதரை இனமாகப் பிரிக்க அதற்குத் தெரியாது.

5

சாயத்திற்குத் தெரியாத அப்பணியைச் சட்டம் செய்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் குருதியை வேறு முறையில் ஆராய்ந்தது. இந்நாட்டிற் பிறந்திருத்தல் போதாது. தந்தை இங்கு பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்கவேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக வைக்கப்படாத லயங்களில் வாழ்ந்தோர் இதனை நிறுவுவது எங்ஙனம்? 1949இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கவென ஒத்திவைத்தது. குடியுரிமையற்றிருந்தோரின் இப்பிரச்சினை சட்ட அளவில் 2003இலேயே பெருமளவு தீர்ந்தது.

1936இல் உருவன்வெல்லவும் அவிசாவளையும் சுட்டிய வழி வர்க்க அடிப்படையிலான ஒற்றுமையின் வழி. 1948இன் சட்டம் அவ்வழியை வெட்டியது. கிராமத்து விவசாயிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையில் வம்சம் என்னும் சுவர் எழுப்பப்பட்டது. அதன் விளைவைச் சப்பிரகமுவா நன்கு அறியும். 1977இலும், 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. மக்கள் காடுகளில் ஒளிந்தனர். பலர் வவுனியாவுக்கும் வடக்குக் கிழக்கின் பிற இடங்களுக்கும் பெயர்ந்தனர். 1935இல் ஒரே ஒட்டுண்ணியைக் குருதியிற் சுமந்த அயலவரின் பேரர்களிடையே இது நிகழ்ந்தது என்பது எண்ணுதற்குரியது.

6

குருதியை அறியும் கலை இதற்கிடையில் வெகுதூரம் சென்றுவிட்டது. 1940களின் தொடக்கத்தில் அல்பேட் கூன்ஸ் பிறபொருளெதிரிகளோடு புளோரொளிர்வுச் சாயத்தை இணைத்து, குறித்த ஒரு பொருளை மட்டும் தேடிப்பற்றி ஒளிரச் செய்யும் முறையை ஆக்கினார். 1960களின் பிற்பகுதியில், கலங்களை நீர்த்தாரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடச்செய்து, ஒளிக்கற்றையால் தாக்கி, அவை வெளிவிடும் ஒளியை அளக்கும் கருவிகள் தோன்றின. 1975இல் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டியவளவு ஆக்கும் வழியைக் கண்டபின், உருவத்தில் வேறுபாடற்ற வெண்குழியங்களையும் அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைக் கொண்டு வகைபிரித்தல் கைகூடிற்று. குருதிப் புற்றுநோயின் வகையை அறிய இன்று இதுவே துணை.

பெரிய மருத்துவமனைகளின் ஆய்வுகூடங்களிலுள்ள தன்னியக்கக் கருவிகள் பலவும் இதே தத்துவத்தைக் கொண்டவை. செங்குழியங்களை உடைத்து நீக்கியபின் ஒளிர்சாயம் வெண்குழியங்களுட் புகுந்து அவற்றின் கரு அமிலங்களைப் பற்றுகின்றது. கலம் சிதறச்செய்யும் ஒளி அதன் பருமனையும் உள்மணிகளையும் காட்டும். புளோரொளிர்வு கரு அமிலத்தின் அளவைக் காட்டும். இவற்றை ஒருங்கே கொண்டு நிணநீர்க் கலம், ஒருகருக்கலம், ஈயோசினோபில் முதலியவற்றைக் கருவி சில கணங்களில் ஆயிரக்கணக்கில் எண்ணிவிடுகின்றது. எலும்பு மச்சையிலிருந்து புதிதாக வந்த செங்குழியத்தில் எஞ்சியுள்ள கரு அமிலமும் ஒளிர்வதால், சோகையுற்ற உடல் புதுக் குருதியை ஆக்குகின்றதா என்பதையும் அறியலாம். ஏர்லிக் சாயத்தின் நிறத்தில் வாசித்ததைக் கருவி ஒளியின் அளவில் வாசிக்கின்றது. அடிப்படைச் சிந்தனை ஒன்றே.

மலேரியா இந்நாட்டை விட்டு நீங்கியதென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சாயமேற்றிய குருதிப் படலங்களை ஆண்டாண்டாக, மாவட்டந்தோறும் பொறுமையுடன் பார்த்த ஆய்வுகூட ஊழியரின் உழைப்பு அவ்வெற்றியில் உண்டு. பொதுச் சுகாதாரம் இலவசமாகவும் எல்லோருக்கும் பொதுவாகவும் அமைந்தபோது அறிவு மக்களிடம் சென்றடைந்தது என்பதற்கு இது நல்ல சான்று. 1935இல் இல்லாதிருந்தது சாயமன்று, அந்த அமைப்பே.

ஆயின் சோகை நீங்கவில்லை. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ கொழுந்தெடுக்கும், பால்வெட்டும் பெண் ஒருத்தி குருதிப் பரிசோதனைக்குச் செல்வதாயின் ஒருநாட் கூலியை இழந்தே நகரத்திற்கு இறங்கவேண்டும். அங்கு ஒளிர்சாயம் அவளது செங்குழியங்கள் சிறியன, வெளிறியன என அச்சிட்டுத் தரும். அத்தாள் அவளுக்கு இரும்பு மாத்திரையைப் பெற்றுத்தரும். உணவுக்குப் போதிய கூலியையோ, மலகூடமும் நல்ல நீருமுள்ள வீட்டையோ, வீட்டுக்குரிய காணியையோ அது பெற்றுத்தராது. அவை ஆய்வுகூடத்திற் தீர்க்கப்படுவனவல்ல.

ஒரு பொருளை ஆக்கவல்லோமாயின் அதனை அறியவல்லோம் என்றார் எங்கெல்ஸ். குருதியின் ஒவ்வொரு கலத்தையும் பெயர்கூறி அழைக்குமளவிற்கு அவ்வறிவு வளர்ந்துள்ளது. அக்குருதி வெளிறியமைக்கான காரணமும் அறியப்படாததன்று. 1935இல் கேகாலைக் கிராமங்களில் உணவுப்பொதி சுமந்து நடந்த இளைஞர் அதனை அறிந்திருந்தனர். அறிந்ததை மாற்றும் பணியில் விவசாயியும் தொழிலாளியும் ஒரே அணியில் நிற்பதற்கான பொது அடிப்படை அன்றே அவர்களது குருதியில் இருந்தது. அதனை அரசியலிற் பிரித்தவை மனிதர் இயற்றிய சட்டங்களே. மனிதர் இயற்றியவற்றை மனிதரால் மாற்றவும் இயலும்.